நித்தியகல்யாணிச் சாறு குடிக்கலாமா?



நம் மாதக் கூட்டம் முடிந்து எல்லோரும் விதை மாற்றிக்கொண்டிருந்த நேரத்தில் ஒரு நண்பர் என்னைத் தனியாக அழைத்துப் போய்க் கேட்டார். "சார், நித்தியகல்யாணி இலைச்சாறு குடிச்சா புற்றுநோய் சரியாகும்னு சொல்றாங்களே, எத்தனை இலை போடணும்? வெறும் வயித்துலயா?" தன் அக்காவுக்காகக் கேட்டார். மார்பில் கட்டி, ஆஸ்பத்திரிக்குப் போகப் பயம். இதே கேள்வி கடந்த ஒரு வருடத்தில் என்னிடம் வருவது நாலாவது தடவை. நான் டாக்டர் இல்லை. 35 வருடம் வங்கியில் வேலை பார்த்துவிட்டு வாலாஜாபாத் பக்கம் மூன்று ஏக்கரில் நெல்லும் மணிலாவும் போடுகிறவன். ஆனால் கடன் மனு வந்தால் கணக்கைப் புரட்டிப் பார்க்காமல் கையெழுத்துப் போடாத பழக்கம் இன்னும் போகவில்லை. இந்தச் செடியின் கணக்கையும் அப்படித்தான் புரட்டினேன். இதைப் பாடமாகவே எழுதுகிறேன், கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

செடியைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. சுடுகாட்டு மல்லி, பட்டிப்பூ என்றெல்லாம் பெயர் உண்டு. வெள்ளையும் ரோஸும் வேலியோரம் தானாக முளைக்கும். பூசைக்குப் பறிப்போம். ஆடு வாய் வைக்காது, மாடும் தள்ளி நிற்கும். காரணம், இது அரளி குடும்பத்துச் செடி. தன்னைக் காத்துக்கொள்ள இலையிலும் வேரிலும் நூற்றுக்கும் மேற்பட்ட கசப்புப் பொருள்களைத் தயாரித்து வைத்திருக்கிறது. இவற்றை ஆல்கலாய்டு என்பார்கள். பூர்வீகம் மடகாஸ்கர் தீவு. அந்தக் கசப்புகளில் இரண்டு, வின்பிளாஸ்டின், வின்கிரிஸ்டின் என்பவை, உலகம் முழுக்கப் புற்றுநோய்க்குக் கொடுக்கப்படும் மருந்துகள். ஆக "நித்தியகல்யாணியில புத்துநோய் மருந்து இருக்கு" என்று சொல்கிறவர் பொய் சொல்லவில்லை. சிக்கல் அதற்கு அடுத்த வரியில்தான் ஆரம்பிக்கிறது.

புற்று என்றால் என்ன?

நம் முன்னோர் இந்த நோய்க்குப் புற்று என்று பெயர் வைத்தது பொருத்தமாகத்தான் இருக்கிறது. கரையான் புற்றை மண்வெட்டியால் வெட்டித் தள்ளினால் மேலே தெரிந்தது போய்விடும். கீழே வழிகள் அப்படியே இருக்கும், மழைக்குப் பிறகு மறுபடி எழும்பும். ஆனால் கரையான் வெளியிலிருந்து வந்த பூச்சி. புற்றுநோயில் வெளியாள் யாரும் கிடையாது. நம் உடம்பின் செல்லே வரம்பு மீறிப் பெருகுகிறது.

நம் உடம்பில் செல்கள் பிரிந்து இரண்டாவது தினசரி நடக்கும் வேலை. தோல் உதிர்ந்து புதுத்தோல் வருகிறது, குடலின் உள்தோல் சில நாளுக்கு ஒருமுறை புதுப்பிக்கப்படுகிறது, எலும்பு மஜ்ஜையில் ரத்த அணுக்கள் ஓயாமல் பிறக்கின்றன. எப்போது பிரிய வேண்டும், எப்போது நிறுத்த வேண்டும், கெட்டுப்போன செல் எப்போது தானாகச் சாக வேண்டும் என்பதற்கெல்லாம் ஜீன்களில் உத்தரவு இருக்கிறது. அந்த ஜீன்களில் பிழை விழலாம். புகையிலை, சில ரசாயனங்கள், சில வைரஸ்கள், கதிர்வீச்சு இவற்றால் விழும். பிரதி எடுக்கும்போது தற்செயலாகவும் விழும். ஒரு பிழையால் புற்று வருவது அரிது. பல பிழைகள் ஒரே செல்லின் பரம்பரையில் சேர வேண்டும். வயது ஏற ஏற நோய் கூடுவதற்கு முக்கியக் காரணம் இதுதான்.

அப்படிக் கட்டு மீறிய செல் பெருகிக் கட்டியாகும். கட்டி பெரிதானதும் தனக்கென்று புது ரத்தக் குழாய்களை வரவழைத்துக்கொள்ளும், அடுத்தவன் வாய்க்காலை உடைத்துத் தன் வயலுக்குத் தண்ணீர் திருப்புகிற மாதிரி. பிறகு சில செல்கள் ரத்தத்திலோ நிணநீரிலோ புறப்பட்டு நுரையீரல், கல்லீரல், எலும்பு என்று போய் இறங்கும். கோரையை எடுத்தவர்களுக்கு இதைப் புரியவைக்க வேண்டாம். மேலே தாளைப் பிடுங்கினோம், கிழங்கு வரப்பைத் தாண்டிப் போயிருந்தது என்பதுதான் கதை. ஒரே இடத்தில் இருக்கும்போது அறுத்து எடுத்தால் பல கட்டிகள் அதோடு முடிந்துவிடும். பரவிய பிறகு உடம்பு முழுக்கப் போகும் மருந்து வேண்டும். அதைத்தான் கீமோ என்கிறோம்.

தறிக்காரருக்குப் புரிகிற விஷயம்

இந்த மருந்து என்ன செய்கிறது என்று படித்தபோது எனக்குப் பிள்ளையார்பாளையம்தான் ஞாபகம் வந்தது. விடிகாலையில் தெருவில் பாவை நீள விரித்து, இரண்டு முனையிலும் ஆள் நின்று இழுத்துப் பிடித்து, இழை இழையாகச் சரி செய்வார்கள். செல் பிரியும்போதும் இப்படி ஒரு ஏற்பாடு நடக்கிறது. நம் செல்லில் 46 குரோமோசோம்கள். பிரிவதற்கு முன் ஒவ்வொன்றும் பிரதி எடுக்கப்பட்டு, எல்லாம் நட்டநடுவில் வரிசையாக வந்து நிற்கும். இரண்டு முனைகளிலிருந்தும் மெல்லிய இழைகள் நீண்டு வந்து அவற்றைப் பற்றி ஆளுக்கொரு பங்காக இழுக்கும். இந்த இழைகளுக்கு விஞ்ஞானத் தமிழில் கதிர்கோல் இழை என்று பெயர். நூற்கிற கதிர்தான்.

அந்த இழை முன்பே நூற்று வைத்திருப்பதில்லை. டியூபுலின் என்ற புரதத் துண்டுகள் ஒன்றோடொன்று சேர்ந்து தேவைப்படும்போது நீளும், வேலை முடிந்ததும் கழன்று குறையும். நித்தியகல்யாணியின் மருந்து அந்த டியூபுலினில் போய் ஒட்டிக்கொள்கிறது. துண்டுகள் சேர முடியாது, இழை நீளாது. குரோமோசோம்கள் நடுவில் வந்து நின்றதோடு சரி, இழுக்க ஆளில்லை. பிரியவும் முடியாமல் பழையபடி திரும்பவும் முடியாமல் அந்த செல் செத்துப்போகிறது.

இங்கே ஒரு கிளைச் செய்தி. தாராபுரம், மூலனூர் பக்கம் பயிராகும் கண்வலிக் கிழங்கு, அதாவது நம் மாநில மலரான செங்காந்தள், அதன் விதையில் இருக்கும் கோல்சிசினும் இதே டியூபுலினில்தான் கை வைக்கிறது. புற்றுக்குக் கொடுக்க முடியாத அளவுக்கு நஞ்சு. மூட்டில் வரும் கவுட் வலிக்கு மிகச் சிறு அளவில் கொடுக்கிறார்கள். குரோமோசோம் எண்ணிக்கையை இரட்டிப்பாக்கும் இதன் குணத்தை வைத்துத்தான் விதையில்லாத் தர்பூசணிக்கு வழி கண்டார்கள். நம் மண்ணில் பூக்கிற இரண்டு செடிகள், இரண்டும் செல் பிரிவதையே நிறுத்துகின்றன. எனக்கு இது பெரிய ஆச்சரியம்.

இப்போது முக்கியமான இடம். மருந்துக்கு எது புற்றுச் செல், எது நல்ல செல் என்று தெரியாது. வேகமாகப் பிரிகிற எதையும் அது தாக்கும். மஜ்ஜை, குடல், மயிர்க்கால் இவையும் வேகமாகப் பிரிகிறவைதான். கீமோ எடுத்தால் முடி கொட்டுவதும் வாய் புண்ணாவதும் ரத்த அணு குறைவதும் இதனால்தான். டியூபுலின் இழைகள் நரம்புக்கும் வேண்டும். நரம்பு நுனி வரை சத்தும் சரக்கும் போகிற பாதையே அவைதான். அதனால் வின்கிரிஸ்டின் எடுப்பவர்களுக்குக் கை கால் விரல் மரத்துப்போகும், மலச்சிக்கல் வரும். "இங்கிலீஷ் மருந்தெல்லாம் விஷம்" என்று நம் கூட்டத்தில் சிலர் சொல்வார்கள். இந்த விஷயத்தில் டாக்டர்களும் அதை மறுக்க மாட்டார்கள். ஆனால் இந்த விஷம் நம் வேலியோரத்து மூலிகையிலிருந்து வந்தது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

இருபத்தைந்து இலை

இந்த மருந்தைக் கண்டுபிடித்த கதை நமக்குப் பாடமாக இருக்கும். 1952இல் கனடாவில் ராபர்ட் நோபிள் என்ற ஆராய்ச்சியாளருக்கு, டாக்டராக இருந்த அவர் அண்ணன் வழியாக ஒரு உறை வந்தது. உள்ளே ஜமைக்காவிலிருந்து அனுப்பப்பட்ட 25 நித்தியகல்யாணி இலைகள். அங்கே மக்கள் சர்க்கரை நோய்க்கு இதைக் கஷாயம் வைத்துக் குடித்தார்கள். நோபிள் கஷாயத்தை எலிகளுக்கு வாய் வழியாகக் கொடுத்தார். சர்க்கரை இறங்கவில்லை, ஒன்றுமே ஆகவில்லை. ஊசியில் ஏற்றிப் பார்த்தார். எலிகள் சில நாளில் தொற்று வந்து செத்தன. வேறு ஆளாக இருந்தால் இது உதவாது என்று தூக்கிப் போட்டிருப்பார். அவர் ஏன் தொற்று வந்தது என்று பார்த்தார். மஜ்ஜை ஒடுங்கி, ரத்தத்தில் வெள்ளணுக்கள் மறைந்திருந்தன. வெள்ளணு கட்டுமீறிப் பெருகுவதுதானே ரத்தப் புற்றுநோய், அப்படியானால் அதற்கு இது உதவுமே என்ற யோசனை அங்கே பிறந்தது.

சார்லஸ் பியர் என்ற வேதியியலாளர் 1954இல் அவரோடு சேர்ந்து, இலையிலிருந்து அந்தப் பொருளைத் தனியே பிரித்தார். 1958இல் உலகுக்கு அறிவித்தார்கள். அதே காலத்தில் அமெரிக்காவில் இலை லில்லி கம்பெனியும் இதே செடியில் இறங்கியிருந்தது. அங்கிருந்து வந்த வின்கிரிஸ்டினுக்கு 1963இல் அமெரிக்க அரசு அனுமதி கொடுத்தது. செடியின் தாயகமான மடகாஸ்கருக்கு இந்த வியாபாரத்தில் பங்கு கிடைக்கவில்லை என்ற மனக்குறை இன்றும் பேசப்படுகிறது. வேம்புக் காப்புரிமைச் சண்டையைப் பார்த்த நமக்கு அது புரியும்.

வாய் வழியாகக் கொடுத்தபோது எலிக்கு ஒன்றும் ஆகவில்லை என்பதைக் கவனியுங்கள். இன்றும் இந்த இரண்டு மருந்துகளையும் எந்த ஆஸ்பத்திரியிலும் குடிக்கக் கொடுப்பதில்லை. ரத்த நாளத்தில் மட்டும்தான் ஏற்றுவார்கள். ஊசி நாளத்தை விட்டு விலகி மருந்து சதையில் கசிந்தால் அந்த இடம் வெந்து புண்ணாகிவிடும். தவறி முதுகுத்தண்டில் போட்டால் உயிரே போகும். அத்தனை கவனமாகக் கையாள்கிற பொருள் இது.

கணக்கு

சரி, வங்கிக்காரன் கணக்குக்கு வருகிறேன். ஒரு கிராம் வின்பிளாஸ்டின் எடுக்கக் காய்ந்த இலை 500 கிலோவுக்கு மேல் வேண்டும். வின்கிரிஸ்டின் இலையில் அதைவிடவும் குறைவு. தாராளமாகவே கணக்குப் போட்டு, 500 கிலோவுக்கு ஒரு கிராம் என்றே வைத்துக்கொள்வோம். அப்படியானால் ஒரு கிலோ காய்ந்த இலையில் 2 மில்லிகிராம். பெரியவர் ஒருவருக்கு வின்கிரிஸ்டின் ஒரு தடவைக்கு ஏற்றும் அளவு பெரும்பாலும் 2 மில்லிகிராமைத் தாண்டாது. ஆளின் உயரம், எடை பார்த்து அதற்குள் கணக்கிடுவார்கள். ஆக ஒரே ஒரு ஊசிக்கு, ஒரு துளிகூட வீணாகாமல் எடுத்தாலும், ஒரு கிலோ காய்ந்த இலை. பச்சையாக நாலைந்து கிலோ.

வெறும் வயிற்றில் அரைத்துக் குடிப்பது பத்து இலை. காய்ந்தால் ஒரு கிராம்கூடத் தேறாது. அதாவது ஒரு ஊசியின் ஆயிரத்தில் ஒரு பங்கு அளவுகூட இல்லை. அதிலும் குடலைத் தாண்டி ரத்தத்தில் சேர்வது எவ்வளவு என்று சொல்ல முடியாது.

"அப்ப கெடுதலும் இல்லைதானே சார், குடிச்சிட்டுப் போகட்டும்" என்று கேட்பீர்கள். மருந்துக்குப் போதாது என்பது அந்த இரண்டு பொருளின் கணக்கு. மற்ற நூற்றுச் சொச்சம் ஆல்கலாய்டுகளும் அதே சாற்றில்தான் இருக்கின்றன. ரத்த அழுத்தத்தை மாற்றுகிறவை, சர்க்கரையைத் தொடுகிறவை எல்லாம் உண்டு. ஏற்கெனவே பி.பி.க்கும் சுகருக்கும் மாத்திரை போடுகிறவர் இதையும் குடித்தால் என்ன ஆகும் என்று யார் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்? செடிக்குச் செடி, மண்ணுக்கு மண், பருவத்துக்குப் பருவம் அளவும் மாறும். வேப்பங்கொட்டைக் கரைசலுக்கே 100 லிட்டருக்கு 5 கிலோ பருப்பு என்று அளந்து போடுகிறோம். கத்தரிச் செடிக்கு அளக்கிற நாம் அக்காவுக்கு அளக்காமல் கொடுக்கலாமா?

பயிரிட நினைப்பவர்களுக்கும் இதே கணக்கு உதவும். தூத்துக்குடி, திருநெல்வேலி, ராமநாதபுரம் மாவட்டங்களில் மானாவாரியாக நித்தியகல்யாணி போடுகிறார்கள். வறட்சி தாங்கும், ஆடு மாடு தொல்லை இல்லை. இலை, வேர் இரண்டும் விலைபோகும். வேரில் ரத்த அழுத்த மருந்துக்கான பொருள் இருக்கிறது. ஆனால் ஏக்கருக்கு 800 கிலோ காய்ந்த இலை எடுத்தாலும் அதில் இருக்கும் மருந்து இரண்டு கிராமுக்குள்தான். மருந்தின் விலையைக் கேட்டுவிட்டு இலைக்கும் அந்த மாதிரி விலை வரும் என்று நம்பிப் போடாதீர்கள். வாங்குகிறவர் யார், என்ன விலை என்று எழுத்தில் வாங்கிய பிறகே விதையுங்கள். 2022இல் டென்மார்க் ஆராய்ச்சியாளர்கள் ஈஸ்டின் ஜீன்களை மாற்றி, இந்த மருந்துக்கான மூலப்பொருள்களை அதிலேயே உற்பத்தி செய்து காட்டிவிட்டார்கள். தொட்டியில் தயாரிக்கிற நாள் வந்தால் இலைச் சந்தை என்னாகும் என்பதையும் யோசிக்க வேண்டும்.

அடையாறு சொல்வது

மருந்து உண்மையில் வேலை செய்கிறதா? இதற்கு அமெரிக்கக் கணக்கு வேண்டாம், நம் சென்னைக் கணக்கே இருக்கிறது. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி தன் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தவர். அந்த வேதனையில் அவர் பாடுபட்டு உருவாக்கியதுதான் அடையாறு புற்றுநோய் மருத்துவமனை. 1954இல் 12 படுக்கையோடு தொடங்கியது. டாக்டர் கிருஷ்ணமூர்த்தியும் டாக்டர் சாந்தாவும் வாழ்நாள் முழுவதும் அதிலேயே கிடந்து வளர்த்தார்கள்.

குழந்தைகளுக்கு வரும் ரத்தப் புற்றுநோயில் அதிகம் வருவது லிம்போபிளாஸ்டிக் வகை. 1970களில் இந்தியாவில் பெரிய மருத்துவமனைகளில்கூட நூற்றுக்கு இருபது பிள்ளைகளுக்குக் குறைவாகத்தான் நோய் திரும்பாமல் பிழைத்தார்கள். 1984 முதல் அடையாறு, மும்பை டாடா, டெல்லி எய்ம்ஸ் மூன்றும் ஒரே சிகிச்சை முறையைக் கடைப்பிடித்தன. அதில் வின்கிரிஸ்டினும் ஒரு முக்கிய மருந்து. நாலு வருடம் கழித்தும் நோய் திரும்பாத பிள்ளைகள் நூற்றுக்கு 45 முதல் 60 வரை உயர்ந்தார்கள். ஒரு மருந்தால் மட்டும் இது நடக்கவில்லை. பல மருந்துகள் சேர்ந்து, தொற்று வராமல் பார்த்துக்கொண்டு, பாதியில் நிறுத்தாமல் மாதக்கணக்கில் கொடுத்ததால் நடந்தது. பணக்கார நாடுகளில் இப்போது இந்த நோயில் நூற்றுக்கு 85க்கு மேல் பிழைக்கிறார்கள்.

எனக்குத் தெரிந்த ஒரு தறிக்கார அண்ணனுக்குக் கழுத்தில் நெறிகட்டியது. வலி கிடையாது, காய்ச்சல் விட்டு விட்டு வந்தது, ராத்திரியில் வேட்டி நனைகிற அளவு வேர்த்தது, எடை குறைந்தது. யாரோ சொன்னார்கள் என்று நாலு மாதம் நித்தியகல்யாணிச் சாறு. கட்டி ஒன்று மூன்றானது. அக்குளிலும் வந்த பிறகு காரப்பேட்டைக்குப் போனார். பயாப்சி பார்த்து லிம்போமா என்றார்கள். மூன்று வாரத்துக்கு ஒன்றாக ஆறு தடவை மருந்து ஏறியது. நர்ஸ் மருந்துப் பெயர்களைச் சொன்னபோது ஒன்று வின்கிரிஸ்டின். "அதே செடிதான் அண்ணே" என்று நான் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. "அந்த நாலு மாசத்தை யார் திருப்பிக் குடுப்பா சார்?" என்றார். கட்டி கரைந்து இரண்டு வருடத்துக்கு மேல் ஆகிறது. ஆனால் விரல் நுனி மரமரப்பு முழுசாகப் போகவில்லை. ஜரிகை இழை கையில் நிற்க மாட்டேன் என்கிறது. இப்போது கோர்வைப் புடவை நெய்வதில்லை, சாதாரணப் புடவை போடுகிறார். கூலி குறைந்துவிட்டது. சிகிச்சைக்கு விலை உண்டு, அதை மறைத்து எழுத நான் விரும்பவில்லை.

நாம் எதைச் சொல்லலாம்?

நம் இயற்கை அங்காடிகளில் "புற்றுநோயைக் குணமாக்கும் அரிசி" என்று எழுதி ஒட்டியிருப்பதைப் பார்க்கிறேன். மாப்பிள்ளைச் சம்பாவும் கருப்புக் கவுனியும் நல்ல அரிசி, நானும் சாப்பிடுகிறேன். ஆனால் புற்றுநோயைக் குணமாக்கும் என்று விளம்பரம் செய்வது சட்டப்படி குற்றம். 1954ஆம் வருட மருந்துகள், மாய நிவாரணங்கள் விளம்பரத் தடைச் சட்டத்தின் பட்டியலிலேயே புற்றுநோய் இருக்கிறது. சட்டத்தை விடுங்கள், அந்தப் பலகையை நம்பி ஒருத்தர் ஆறு மாதம் ஆஸ்பத்திரிக்குப் போகாமல் இருந்தால் அது யார் தலையில்?

"ரசாயனம் இல்லாத சாப்பாடு சாப்பிட்டா புற்றுநோயே வராது" என்பதும் அளவுக்கு மீறிய பேச்சு. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2015இல் கிளைபோசேட், மாலத்தியான், டயாசினான் மூன்றையும் "மனிதருக்குப் புற்று உண்டாக்க வாய்ப்புள்ளவை" என்று வகைப்படுத்தியது. லிண்டேனை உறுதியாகப் புற்று உண்டாக்குவது என்றே அறிவித்தது. மருந்து அடிக்கிற கைதான் முதலில் ஆபத்தில் இருக்கிறது. நாம் அதை நிறுத்தியதற்கு இது ஒன்றே போதுமான காரணம்.

சாப்பிடுகிறவருக்கு எவ்வளவு நன்மை என்பதில் ஆய்வுகள் ஒத்துப்போகவில்லை. பிரான்சில் சுமார் 69,000 பேரைக் கவனித்து 2018இல் வெளியிட்ட ஆய்வில், இயற்கை உணவு அதிகம் சாப்பிட்டவர்களிடம் புற்றுநோய் கால் பங்கு குறைவாகத் தெரிந்தது. 2014இல் இங்கிலாந்தில் ஆறு லட்சத்துக்கும் மேற்பட்ட பெண்களை வைத்து வந்த ஆய்வில் மொத்தப் புற்றுநோயில் குறைவு இல்லை. இரண்டிலும் ஒரே மாதிரி குறைந்திருந்தது நான்-ஹாட்ஜ்கின் லிம்போமா என்ற நிணநீர்ப் புற்று மட்டும். இயற்கை உணவு வாங்குகிறவர்கள் பொதுவாகப் படித்தவர்கள், புகை பிடிக்காதவர்கள். அதைக் கழித்துப் பார்ப்பதும் லேசில்லை. நமக்குச் சாதகமான ஆய்வை மட்டும் எடுத்துக்கொண்டு மற்றதை மறைத்தால், பூச்சிமருந்துக் கம்பெனிக்காரருக்கும் நமக்கும் என்ன வித்தியாசம்?

அதே நேரம் சந்தேகமே இல்லாத விஷயங்களில் நாம் சும்மா இருக்கிறோம். நம் காஞ்சிபுரத்தில் பிறந்த அண்ணா உணவுக்குழாய்ப் புற்றுநோயால் 1969 பிப்ரவரி 3 அன்று இறந்தார். நியூயார்க் வரை போய் அறுவை செய்தும் முடியவில்லை. அவருக்குப் புகையிலைப் பழக்கம் இருந்தது ஊரறிந்த விஷயம். அவர் நினைவாகத்தான் காரப்பேட்டையில் அரசு புற்றுநோய் மருத்துவமனை இருக்கிறது. அந்த ஊரிலேயே தறியிலும் களத்திலும் புகையிலை போடாத வாய் குறைவு. புகையிலை சேர்க்காத வெறும் பாக்கே புற்று உண்டாக்கும் என்பதும் உறுதியான முடிவு. பாக்கும் இயற்கைதான், புகையிலையும் செடிதான்.

மணிலா போடுகிறவர்களுக்கு இன்னொன்று. காய் சரியாகக் காயாமல் மூட்டை கட்டினால் பச்சைப் பூஞ்சை பிடித்து அஃப்ளடாக்சின் என்ற நஞ்சு உண்டாகும். கல்லீரல் புற்றுக்கு அது உறுதியான காரணம். ரசாயனமே தொடாத நிலத்துக் காயிலும் வரும். நன்றாகக் காய வைத்து, குலுக்கினால் பருப்பு சத்தம் போட வேண்டும். சுருங்கியது, கறுத்தது, பூஞ்சை பிடித்தது எல்லாவற்றையும் பொறுக்கி எறியுங்கள். செக்குக்கு அனுப்பும் சொத்தைக் காயையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். புண்ணாக்கை மாடு தின்னும், நஞ்சு பாலில் இறங்கும்.

நோயாளி வீட்டில் இருந்தால்

ஆறாத வாய்ப்புண், மார்பில் கட்டி, மாதவிடாய் நின்ற பிறகு ரத்தப்போக்கு, விழுங்கக் கஷ்டம், காரணமில்லாமல் எடை குறைவது, வாரக்கணக்கில் போகாத நெறிக்கட்டி, இவற்றில் எது இருந்தாலும் முதலில் பயாப்சி. முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்தால் குடும்பத்துக்கு வருடம் 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சைக்குக் கிடைக்கும். அட்டை இல்லாதவர்கள் நோய் வரும் வரை காத்திருக்காமல் இப்போதே வாங்கி வையுங்கள். சித்த மருந்து எடுப்பவர் அதையும் புற்றுநோய் டாக்டரிடம் சொல்லிவிட வேண்டும். சில மூலிகைகள் ஈரலில் கீமோ மருந்து கழியும் வேகத்தையே மாற்றிவிடும்.

கீமோ எடுப்பவருக்கு நம் தோட்டத்துக் காய்கறி கொடுத்து அனுப்புவது நல்ல பழக்கம். ஆனால் அவர்களுக்கு வெள்ளணு குறைந்திருக்கும், நோபிளின் எலிகளுக்கு ஆனது போலத் தொற்று சுலபமாகப் பிடிக்கும். ஜீவாமிர்தமும் பஞ்சகவ்யமும் தெளித்த கீரையில் சாணத்துக் கிருமி இருக்கலாம். நமக்கு ஒன்றும் செய்யாது, அவர்களுக்குச் செய்யும். பச்சடி, பச்சைச் சாறு, முளைகட்டிய பயறு, காய்ச்சாத பால் எதுவும் கொடுக்க வேண்டாம். கீரையை இரண்டு மூன்று தண்ணீரில் அலசி, நன்றாக வேகவைத்து, சூடாகக் கொடுங்கள். பழம் என்றால் வாழை, ஆரஞ்சு மாதிரி தோல் உரித்துச் சாப்பிடுவதாகப் பார்த்துக் கொடுங்கள். வாய் புண்ணாக இருந்தால் காரமில்லாத கேழ்வரகுக் கூழ் இறங்கும். புளிக்க வைத்தது வேண்டாம், அன்றன்றைக்குக் காய்ச்சியது போதும்.